ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்

ஜூன் 4, செவ்வாய்

ரொட்டி வாங்கக் கீழே போய் வந்தேன். ஏறும்போது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் விளக்கு அணைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணையும் விளக்கு. முன்பெல்லாம் நான்காம் மாடிக் கதவைத் திறக்கும்வரை எரியும். என் கால் மெதுவாகிவிட்டதா, அல்லது யாராவது அதன் நேரத்தைக் குறைத்துவிட்டார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கேட்க வேண்டிய ஆள் தரைத்தளத்து வாஷிங்டன் லாரால்தே; அவரிடம் எதையும் கேட்க எனக்கு மனமில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன்.

லிஃப்ட் மார்ச்சில் நின்றது. நெலிதாவின் இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அதே நாள். கடைசியாக அது மேலே கொண்டுவந்தது அவளைத்தான். அதன்பின் அவள் இறங்கவில்லை. படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் தெருவில் சந்தை கூடும்போது பால்கனியிலிருந்து கீழே பார்க்கிறாள். என் மனைவி சந்தையைப் பார்க்கிறவள் அல்ல, சந்தையில் சண்டை போடுகிறவள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் தேடினேன்: கெட்டுப்போன லிஃப்டைச் சரிசெய்ய யார் பணம் தர வேண்டும். புது லிஃப்ட் விற்கிறவர்கள் வந்தார்கள். ஒரு நடிகையின் விவாகரத்து வந்தது. மூலையில் ஒரு பெட்டி துடித்துத் துடித்து, நான் பரிசு வென்றிருப்பதாகச் சொன்னது. மூடிவிட்டுப் படுத்தேன். தேடத் தெரியாதது எனக்கா, அதற்கா?

ஜூன் 5, புதன்

பள்ளிக்கூடத்தில் வானிலைக் கருவிகள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு திருகுதான் தொடுவேன். இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். அதே விதியை பிரவுசருக்கும் வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்.

இன்று: அறிவிப்புகளை நிறுத்தினேன். பரிசு தருகிற பெட்டி செத்தது.

ஜூன் 6, வியாழன்

எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன். இத்தனை நாள் மூக்கைத் திரையில் தேய்த்துக்கொண்டு படித்திருக்கிறேன், முட்டாள்.

ஜூன் 7, வெள்ளி

மேலே ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எதைத் தட்டினாலும் அது பிடுங்கிக்கொண்டுபோய்த் தன் இஷ்டப்படி எங்கேயோ தேடும். எப்படி வந்தது என்று நெலிதாவிடம் கேட்டேன்.

"பின்னல் டிசைன் வேணும்னா 'சரி'ய அமுக்குன்னுச்சு. அமுக்கினேன்."

"எத்தனை தடவை?"

"அது கேட்ட தடவையெல்லாம்."

நீட்சிகள் என்ற பக்கத்தில் போய் நீக்கினேன். நீக்கும்போது, "நிச்சயமாகவா?" என்று கேட்டது. எனக்கு எதுவுமே நிச்சயம் கிடையாது. இருந்தாலும் அழுத்தினேன்.

ஜூன் 8, சனி

தேடுபொறியை மாற்றினேன். ஊரார் எல்லாரும் பயன்படுத்துவது இனி முதலில் வரும். முகப்புப் பக்கத்தை மாற்றுவது நாளைக்கு. நடிகையை இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

நெலிதா பால்கனியிலிருந்து காய்கறிக்காரனிடம் கத்தினாள். "அந்தப் பூசணிக்கா உள்ள அழுகியிருக்கு, எனக்கு இங்கேர்ந்தே தெரியுது!" அவன் நிமிர்ந்து, "இறங்கி வந்து பாருங்க, அம்மா!" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவள் உள்ளே வந்து கதவை அடைத்துக்கொண்டாள்.

ஜூன் 12, புதன்

கிடைத்துவிட்டது! பிரவுசர் இப்போது சுத்தமாக இருக்கிறது. கேட்டதும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் பதில் வந்தது: கட்டடத்தில் எழுபது வயதைத் தாண்டியவர் கேட்டால், ஏறி இறங்க வசதி செய்துதர வேண்டியது உரிமையாளர்களின் கடமை, ஓட்டெடுப்பே தேவையில்லை. சட்டத்தின் எண்ணும் இருந்தது. மையில் எழுதிக்கொண்டேன்.

நெலிதாவிடம் படித்துக் காட்டினேன்.

"எழுபதா? அதெல்லாம் எப்பவோ நம்மள விட்டு ஓடிப்போச்சே. அப்பறம் என்ன, நாளைக்குக் கூட்டத்துல போய்ப் படி. அந்த வாஷிங்டன் மூஞ்சிக்கு நேராப் படி."

மூஞ்சிக்கு நேராகப் படிப்பதா? தாளைப் பார்த்துப் படிப்பேன். அது போதும்.

ஜூன் 13, வியாழன்

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

கூட்டம் வாசல் கூடத்தில், லிஃப்டின் இரும்புக் கூண்டுக்கு முன்னால். மடக்கு நாற்காலிகள். நிர்வாகி மிர்தா, தரைத்தளம் முழுவதற்கும் சொந்தக்காரரான வாஷிங்டன், முதல் மாடி நோட்டரி, இரண்டாம் மாடிப் பல் டாக்டர், மூன்றாம் மாடி ஸுல்மாவும் அவள் மடியில் நாயும், நான்.

வாஷிங்டன்தான் மாத்தே ஊற்றினார்; ஒரே குடுவையில் எல்லாரும் மாறி மாறி உறிஞ்சும் கசப்பு மூலிகைத் தேநீர். குடுவை அவரிடமிருந்து மிர்தாவுக்குப் போனது. மிர்தா உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி வெந்நீர் ஊற்றி நோட்டரிக்கு, பிறகு பல் டாக்டருக்கு. அடுத்தது நான். என் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. குடுவை என்னைத் தாண்டி ஸுல்மாவுக்குப் போனது. எங்கள் உருகுவேயில் பகைவனுக்குக்கூட மாத்தே கொடுப்பார்கள். நீட்டிய கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

எழுந்து படித்தேன். முழுக்கப் படித்தேன். நோட்டரி தலையாட்டினார் என்றுகூட நினைத்தேன்.

"வாத்தியாரே," என்றார் வாஷிங்டன். "அந்த நம்பர இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். தன் போனில் தட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அடடா! அழகான சட்டம். மேல கிரீடம் போட்டிருக்கு. கீழ ராஜா கையெழுத்து. நமக்கு எப்போலேர்ந்து ராஜா, மிர்தா? எனக்கு யாரும் சொல்லலியே?"

மிர்தா எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தோன் எவாரிஸ்தோ... இது ஸ்பெயின் சட்டம்."

"பூகோள வாத்தியாரு!" என்றார் வாஷிங்டன். "நடுவுல ஒரு சமுத்திரம் இருக்குமே வாத்தியாரே, அத எங்க வச்சீங்க?"

ஸுல்மாதான் முதலில் சிரித்தாள். நாய் அவள் மடியில் குதித்தது. அப்புறம் எல்லாரும். நோட்டரிகூட.

"ராஜாவ வரச் சொல்லுங்க," என்றார் வாஷிங்டன். "நாலு மாடி ஏறி வந்து எங்கிட்ட கேக்கட்டும். நானே என் செலவுல லிஃப்ட் பண்ணித் தரேன். எனக்கு எதுக்கு அந்தப் பெட்டி? என் கால் அதுக்குள்ள பட்டதும் இல்ல, படப்போறதும் இல்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தன் விஷயத்தை எடுத்தார். லிஃப்ட் பழசு. சரிசெய்வது வீண். கூண்டைப் பிரித்துவிட்டு, தளத்துக்குத் தளம் மூடிவிடலாம். கீழே கிடைக்கும் இடத்தை அவருடைய பெயிண்ட் கடைக்குச் சேர்த்துக்கொள்வார். அதற்குப் பதிலாகக் கூடத்துக்கு அவரே பெயிண்ட் அடித்துத் தருவார். ஆகஸ்ட் கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று மிர்தா எழுதிக்கொண்டாள்.

நான் என் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். படியேறினேன். விளக்கு அதே இடத்தில் அணைந்தது.

மேலே, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு நெலிதா உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூண்டின் வழியாகக் கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

"மொதல்ல சிரிச்சது நாய்க்காரிதானே?" என்றாள்.

"ஆமாம்."

"நீ ஏன் திருப்பி ஒண்ணும் சொல்லல?"

நழுவிக் கிடந்த போர்வை நுனியை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"சூப் ஆறிப்போச்சு."

ஜூன் 14, வெள்ளி

வாழ்நாளெல்லாம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஜூன் 17, திங்கள்

லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது. பெயிண்டால் எழுதியது: "மாட்சிமை தங்கிய மன்னர் மட்டும்." பெரிய எழுத்து, நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பு அவர் கடையில் மட்டும்தான் கிடைக்கும். எடுத்துவிடலாமா? எடுத்தால் எனக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் தினமும் படிக்க வேண்டும். எடுக்கவில்லை.

நெலிதா என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள். உப்பு. மாத்திரை. ஜன்னல்.

ஜூன் 19, புதன்

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஆத்திரம். எதிரில் உட்கார்ந்து அதை விசாரித்தேன், குற்றவாளியை விசாரிப்பதுபோல. அமைப்புகள், மொழிகள். பட்டியலில் முதலில்: ஸ்பானிஷ் (ஸ்பெயின்).

இப்போது புரிகிறது. இந்தக் கம்ப்யூட்டர் நெலிதாவின் அண்ணன் மகள் ஸ்பெயினில் வேலை பார்த்தபோது வாங்கியது. திரும்பி வந்தவள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இதை எங்களிடம் தள்ளினாள். அவள் திரும்பிவிட்டாள், பெட்டி திரும்பவில்லை. உடம்பு மாண்டெவிடியோவில், புத்தி அங்கே. நான் ஒரு வெளிநாட்டுக்காரனிடம் போய் என் வீட்டு வழக்கைக் கேட்டிருக்கிறேன். அவன் தன் ஊர்ச் சட்டத்தைச் சொன்னான். பொய் சொல்லவில்லை. எந்த ஊர் என்று நான்தான் கேட்கவில்லை. கட்டத்துக்குள் இருந்ததை எழுதிக்கொண்டேனே ஒழிய, அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தால் கிரீடம் கண்ணில் பட்டிருக்கும். வேறு மொழி பேசுகிற நாடுகளில் இந்த ஆபத்தே இல்லை. எங்களுக்குத்தான் இருபது நாடுகளுக்கு ஒரே மொழி, அதில் நாங்கள் ஒரு மூலை.

இன்று: மொழியை ஸ்பானிஷ் (லத்தீன் அமெரிக்கா) என்று மாற்றினேன். பட்டியலில் உருகுவே தென்படவில்லை, அல்லது எனக்குத் தேடத் தெரியவில்லை.

ஜூன் 20, வியாழன்

மெக்சிகோ வந்தது. பிறகு அர்ஜென்டினா. அதன்பின் இன்னும் அர்ஜென்டினா.

நெலிதா முதுகுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முழு வாக்கியம் பேசினாள்: "கிழவா, ஸ்பெயின்காரனாவது தூரத்துல இருக்கான். இந்தப் பக்கத்து நாட்டு புவெனஸ் ஐரெஸ்காரங்கள வீட்டுக்குள்ள விடாத, அப்பறம் போகவே மாட்டாங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் போகாமல் நின்றாள்.

ஜூன் 21, வெள்ளி

பிரவுசரின் அமைப்புகள் வேறு, தேடுபொறியின் அமைப்புகள் வேறு! ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும் என்று நினைத்தது என் தவறு. தேடுபொறியின் பக்கத்தில், கீழே, "பிராந்தியம்" என்று தனியாக இருக்கிறது. லத்தீன் எழுத்து வரிசையில் நாடுகள்; எங்களுடையது U. எங்கள் நாடு எப்போதும் கடைசியில்தான். பள்ளி வரைபடப் புத்தகத்திலும் அப்படித்தான். இறங்கி, இறங்கி, இறங்கிப்போய்க் குறித்தேன்.

சேமித்தேன். பிறகு சேமிக்கப்பட்டதா என்று திரும்பிப்போய்ப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

ஜூன் 24, திங்கள்

முகவரிப் பட்டையை வலது பொத்தானால் அழுத்தி, "முழு முகவரியை எப்போதும் காட்டு" என்று வைத்தேன். இனி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் முகவரியை முழுதாகப் படித்து, நாட்டைக் குறிக்கும் எழுத்துகளைப் பார்ப்பேன். பக்கம் இனிக்க இனிக்கப் பேசினாலும் சரி.

ஜூலை 3, புதன்

தினமும் மதியம் சாப்பிட்டதும் நெலிதா மேசை விரிப்பை பால்கனியில் உதறுகிறாள். நேர் கீழே வாஷிங்டன் கடையின் துணிக் கூரை. ரொட்டித் தூள் விழும், புறாக்கள் வரும், புறாக்கள் செய்வதைச் செய்யும். இன்று வாஷிங்டன் தெருவில் நின்று கத்தினார்.

"அம்மா! என்ன இது, என் கடை மேல?"

"ரொட்டி!" என்றாள் இவள். "இறங்கி வந்து பெருக்கணும்னுதான் இருக்கு. எப்பிடி இறங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க!"

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

இன்றைய மாற்றம் கடினமானது. ஒரு தளத்துக்குள் மட்டும் தேடுவதற்குக் குறுக்குவழி வைக்கலாம் என்று படித்தேன். நம் நாட்டுச் சட்டங்களை அரசாங்கம் வைத்திருக்கும் தளத்தை அதில் சேர்க்க வேண்டும். மூன்று கட்டங்கள். முதலாவதில் ஒரு பெயர். இரண்டாவதில் ஒரே ஓர் எழுத்து. மூன்றாவதில் தளத்தின் நீண்ட முகவரி; அதில் தேடும் சொல் வருகிற இடத்தில் மட்டும் சொல்லை எடுத்துவிட்டு, சதவீதக் குறியும் ஒரு சிறிய எழுத்தும் போட வேண்டும். சாயங்காலம் முழுதும் தவறாகவே வந்தது. சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத தவறு.

பிறகு வந்தது. அந்த ஓர் எழுத்தைத் தட்டி, தேட வேண்டியதை எழுதினால், விற்கிறவர்கள் இல்லை, நடிகைகள் இல்லை, மன்னர்கள் இல்லை. நேராக எங்கள் சட்டம்.

நெலிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இத்தன நாள்?" என்றாள். தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் தட்டிப் பார்த்தாள்.

ஜூலை 18, வியாழன்

இரண்டு விஷயங்கள். முகவரியை முதலில் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

ஒன்று: கட்டடத்தின் பொதுவான பகுதியை ஒருவருக்கே கொடுத்துவிட வேண்டுமானால், உரிமையாளர் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பெரும்பான்மை போதாது. எல்லாரும்.

இரண்டு: இருப்பதைச் சரிசெய்து பராமரிக்கப் பெரும்பான்மையே போதும். செலவு எல்லாருக்கும்.

வயதானவர்களுக்கென்று நான் தேடியவரை ஒன்றும் இல்லை. ராஜா எங்களுக்கு இரக்கம் காட்ட வரவில்லை.

ஆக, வாஷிங்டனின் திட்டத்தை நிறுத்த ஒரே ஓர் ஆள் "சம்மதமில்லை" என்றால் போதும். சத்தமாக, எல்லார் முன்னிலும். நோட்டரி சொல்ல மாட்டார், அவர் முதல் மாடி. பல் டாக்டர் வாஷிங்டனோடு சீட்டாடுகிறவர். ஸுல்மா...

அந்த ஓர் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். 

ஆகஸ்ட் 9, வெள்ளி

எதிராளி என்ன கொண்டுவருவார் என்று தேடினேன், அவராக இருந்து. தரைத்தளத்துக்காரர் லிஃப்ட் செலவில் பங்கு தர வேண்டுமா? பொதுத் தேடலில் முதலாவதாக ஒரு பத்தி: தர வேண்டியதில்லை. முகவரியைப் பார்த்தேன். கொலம்பியா. தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒத்திகை. நெலிதா வாஷிங்டனாக நடித்தாள். என் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஊன்றுகோலைச் சுருட்டுபோல வாயருகே பிடித்துக்கொண்டாள்.

"என்ன வாத்தியாரே, பெட்டிய மூடிரலாமா?"

"எனக்கு அதில் சம்மதம் இல்லை என்று நினைக்கிறேன்."

"நெனைக்கிறியா? மறுபடி."

"மன்னிக்க வேண்டும், எனக்கு..."

"யார் யார மன்னிக்கணும்? மறுபடி!"

"சம்மதமில்லை."

"எனக்குக் கேக்கல."

"நீ பக்கத்தில்தானே இருக்கிறாய்?"

"அன்னிக்கு நாலு மாடி மேல இருப்பேன், கிழவா. அங்க கேக்கணும்."

ஆகஸ்ட் 29, வியாழன்

மதியம் நியோக்கி, உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள். இருபத்தொன்பதாம் தேதி ஆயிற்றே; அன்று அதைச் சாப்பிட்டால் பணம் சேரும் என்பது இங்கே நம்பிக்கை. தட்டின் கீழ் வழக்கம்போல ஒரு நோட்டு வைத்தாள் நெலிதா. எனக்கு இறங்கவில்லை. அவள் என் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

கூட்டம். அதே கூடம், அதே நாற்காலிகள். அட்டை இன்னும் தொங்குகிறது. குடுவை சுற்றியது. இந்த முறை நான் கையை நீட்டவில்லை.

மிர்தா வாஷிங்டனின் திட்டத்தைப் படித்தாள். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றாள், இருக்காது என்கிற குரலில். பேனாவைத் தாளில் வைத்துவிட்டாள்.

எழுந்தேன். நாற்காலி மடங்கிப் பின்னால் விழுந்தது.

"சம்மதமில்லை."

யாரும் நிமிரவில்லை. மேலேயிருந்து, கூண்டின் வழியாக: "சத்தமா!"

"சம்மதமில்லை! பொதுவான இடத்தைக் கொடுக்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும். நான் சம்மதிக்கவில்லை."

"எந்த ஊர்ச் சட்டம், மகாராஜா?" என்றார் வாஷிங்டன். பல் டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். மிர்தாவின் முன் என் தாளை வைத்தேன். முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அவள் போனில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நம்மளுதுதான்," என்றாள்.

வாஷிங்டனின் கழுத்து சிவந்தது. "சரி, மூட வேண்டாம். துருப்பிடிச்சுத் தொங்கட்டும். சரிபண்றதுக்கு எங்கிட்ட ஒரு காசு வாங்க முடியாது." சட்டைப் பையிலிருந்து ஒரு அச்சுத் தாளை எடுத்து விசிறிபோல ஆட்டினார். "நானும் தேடினேன். தரைத்தளத்துக்காரன் லிஃப்டுக்குத் தர வேண்டியதில்ல. அச்சடிச்சே கொண்டுவந்திருக்கேன், வாத்தியாரு மாதிரி கையால கிறுக்கல."

தாள் கைமாறியது. நோட்டரி படித்து உதட்டைப் பிதுக்கினார். பல் டாக்டர். ஸுல்மா. பிறகு என்னிடம். முதல் வரியிலேயே தெரிந்தது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நான் பார்த்த அதே பத்தி, சொல்லுக்குச் சொல்.

சொல்லலாமா? சொன்னால் எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். ஜூனில் என்னைப் பார்த்ததுபோல. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடி, தாளை மடித்துப் பேசாமல் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அட்டையைப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

"வாஷிங்டன்," என்றேன். "கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் முகவரி இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்தைப் படியுங்கள்."

அவர் படிக்கவில்லை. ஸுல்மா என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். "கொலம்பியா!" என்று கத்தினாள். "அய்யோ, இவரு கொலம்பியாவுக்குப் போய்ட்டாரு!"

"அங்க காப்பி நல்லாருக்கும்," என்றார் நோட்டரி. அந்த மனிதர் இத்தனை வருடத்தில் செய்த ஒரே ஹாஸ்யம்.

சிரித்தார்கள். பல் டாக்டரும். மேலேயிருந்தும் ஒரு சிரிப்பு, கூண்டு முழுக்க எதிரொலித்து இறங்கியது. நானும் சிரித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கக் கூடாது என்று படியேறும்போது தோன்றியது. ஆனாலும் பிடித்திருந்தது.

ஓட்டு: சரிசெய்வதற்கு மிர்தா கை எண்ணினாள். நான். நோட்டரி. பிறகு ஸுல்மா கை தூக்கினாள்: "நாய்க்கு முட்டி தேய்ஞ்சிருச்சு. இனிமே என்னால தூக்கிட்டு ஏற முடியாது."

ஐந்து உரிமையாளர்களில் மூன்று கை. முடிந்தது. விளக்கு அதே இடத்தில் அணைந்தது. நெலிதா மேலேயிருந்து டார்ச் அடித்தாள்.

"நாய்க்குக் கை தூக்கினா," என்றாள். "பரவால்ல. நாய் நல்லாருக்கட்டும்."

செப்டம்பர் 20, வெள்ளி

மெக்கானிக்குகள் வந்துவிட்டார்கள். நாள் முழுதும் இரும்புச் சத்தம். அட்டையை அவர்கள்தான் கழற்றிக் குப்பையில் போட்டார்கள்.

அக்டோபர் 12, சனி

காலையில் நெலிதா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள். கூண்டுக் கதவை நான் திறந்தேன். "நீ வராத," என்றாள். "நான் ஒரு ஆளப் பாக்கணும்."

பால்கனிக்கு ஓடினேன், நான் ஓட முடிகிற அளவுக்கு. கீழே வாசல் கதவு திறந்தது. ஊன்றுகோல் வந்தது, பிறகு அவள். சந்தைக்குள் நேராகக் காய்கறிக்காரனிடம் போனாள். ஒரு பூசணிக்காயை எடுத்துத் தட்டினாள். ஏதோ சொன்னாள். அவன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். அவள் இன்னொன்றைத் தட்டினாள். நான்காம் மாடிவரை அவள் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. புரிய வேண்டியதில்லை.

மதியம் விரிப்பை எங்கே உதறுவது என்று கேட்டேன். "எப்பவும் உதற எடத்துலதான்," என்றாள்.

நவம்பர் 5, செவ்வாய்

சாயங்காலம் லிஃப்ட் மேலே வரும் சத்தம். நான்காம் மாடியில் நின்றது. எங்களுக்கு யாரும் வருவதாக இல்லை. கதவைத் திறந்தால் வாஷிங்டன் லாரால்தே. வணக்கம் சொல்லவில்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கடை ஷட்டருக்கு மோட்டார் தேடினேன். பணம் கட்டினப்பறம் சொல்றான், கடை மெக்சிகோவுல இருக்காம். இங்கெல்லாம் அனுப்ப மாட்டானாம்." கொஞ்சம் மூச்சு விட்டார். "நீங்க உங்க பெட்டில எதையோ மாத்தினீங்களாமே. மிர்தா சொன்னா. இதுலயும் மாத்திக் குடுங்க."

"கால்?" என்று உள்ளேயிருந்து நெலிதா கேட்டாள். "உங்க கால் அந்தப் பெட்டிக்குள்ள படாதே? எப்பிடி வந்தீங்க?"

அவர் கூண்டுக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

முடியாது என்று சொல்லலாமா? ஆகஸ்டில் கற்றுக்கொண்ட சொல் இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் இன்னொன்று தோன்றியது. உட்காரச் சொன்னேன். நெலிதா மாத்தே ஊற்றினாள். தான் குடித்தாள், எனக்கு ஊற்றினாள், பிறகு தனக்கு, பிறகு எனக்கு. வாஷிங்டன் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை வாங்கி, எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன். திருப்பிக் கொடுத்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார். "நாடு? நாட்ட மாத்தல?"

"ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் செய்வேன்," என்றேன். "இரண்டு செய்தால், ஏதாவது கெட்டுப்போனால் எதனால் என்று தெரியாது. நாளைக்கு வாருங்கள்."

"இன்னும் எத்தன இருக்கு?"

"பார்க்க வேண்டும். நிறைய இருக்கிறது."

என்னைப் பார்த்தார். நெலிதாவைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கூண்டுக் கதவு இழுபடும் சத்தம், பிறகு லிஃப்ட் கீழே, கீழே, கீழே.

நாளை: அறிவிப்புகள். பிராந்தியம் கடைசியில்.